மூக்குத்தி தெளிவு, கண் கலங்கல்: என் முதல் முகப்படம்

புதுக் கேமராவில் நான் எடுத்த முதல் முகப்படம் அப்பத்தாவுடையது. வீட்டில் எல்லோரும் "அருமை" என்றார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

கடைத்தெரு ஸ்டுடியோ அண்ணனிடம் எடுத்துப்போனேன். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காமல், "இதில் முதலில் எதைத் திருத்துவீர்கள்?" என்றேன். அப்படிக் கேட்டதுதான் நல்லதாகப் போயிற்று. அவர் படத்தைப் பெரிதாக்கினார். மூக்குத்திக் கல்லின் ஒவ்வொரு பட்டையும் மின்னியது. அதற்குப் பின்னால் இமை முடிகள் பஞ்சுபோலக் கலங்கிக் கிடந்தன. "கண் தெளியவில்லை என்றால் ஆள் நம்மைப் பார்க்க மாட்டார், தம்பி" என்றார்.

50 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8 வரை முழுதாகத் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுத்திருந்தேன். எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும்; தெளிவாக விழும் ஆழம் குறையும். என் கேமராவின் ஏபிஎஸ்-சி எனும் நடுத்தர அளவு சென்சாரில் (படம் பதியும் சில்லு) அப்போது அந்த ஆழம் 3 செ.மீ.கூட வராது. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் போக்கில் விட்டதால், அது அருகிலிருந்த மூக்கைப் பிடித்துக்கொண்டது. உச்சி வெயில் வேறு கண்குழிகளில் நிழலை அப்பியிருந்தது.

மறுநாள் காலை அப்பத்தாவை வெயில் படாத திண்ணையோரம் உட்கார வைத்தேன். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை அருகிலிருந்த கண்ணில் வைத்து, எஃப் 4-க்கு மாற்றினேன். அசைந்துகொண்டே பேசுவார் என்பதால் ஷட்டர் வேகம் 1/200 வினாடி. நிழல் விழுந்த கன்னத்துக்கு எதிரே, வெளிச்சம் பட்டுத் திரும்பி விழும்படி, என் தம்பி வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பத்தாவின் கருவிழிக்குள் எங்கள் வாசல் சின்னதாக, வெளிச்சமாகத் தெரிந்தது.