சீட்டை நிரப்பும் அவசரத்தில் சிறிய கல்லூரிகள் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுமே ஊர் முழுக்க பேனர் ஏறிவிடுகிறது: 'கட்-ஆஃப் 150-க்கு மேல் கட்டணச் சலுகை', 'பஸ் இலவசம்'. காலி சீட்டுகளைப் பார்த்துப் பயந்துபோன சிறிய சுயநிதி பொறியியல் கல்லூரிகளின் பேனர்கள்தான் பெரும்பாலும். பயம் நியாயமானது. அந்தப் பயத்தில் கொடுக்கும் சலுகைதான் நான்கு வருஷத்துக்குக் கழுத்தைப் பிடிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிரிவில் 60 இடம், ஆண்டுக் கட்டணம் 85,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சலுகை இல்லாமலே 50 பேர் சேர்வார்கள் என்றால் வரவு 42.5 லட்சம். மீதி 10 இடத்துக்காக எல்லோருக்கும் 30,000 குறைத்தால் வகுப்பு நிறையும், வரவோ 33 லட்சம்தான். பத்து பேர் கூடுதலாக வந்தும் வருஷத்துக்கு 9.5 லட்சம் குறைகிறது. நான்கு வருஷத்துக்கு 38 லட்சம். அடுத்த பேனரை அச்சடிக்கும் முன் தாளாளரும் கணக்காளரும் இந்தக் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டும். எப்படியும் சேரப்போகிறவருக்குத் தரும் சலுகை வெறும் இழப்பு. கட்டணம் ஒன்றுதான் தடையாக இருக்கிற குடும்பத்துக்குத் தருவதே சேர்க்கையைக் கூட்டும்.

சலுகை முதல் ஆண்டுக்கு மட்டும் என்பதை வாயால் சொல்லிவிட்டு விடுவது இன்னொரு தவறு. இரண்டாம் ஆண்டுச் சலானைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிகிறது. டி.சி. கேட்டு வருகிறார். கல்விக் கட்டணம், பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் நான்கு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தாளில் தமிழில் எழுதிச் சேர்க்கை அன்றே கையில் கொடுத்துவிட்டால் இந்தச் சண்டையே வராது.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வருகிறவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு ஆகியவற்றில் கட்டணத்தை ஏற்பது அரசு. அதைக் கல்லூரியின் தாராளம்போல விளம்பரம் செய்யாதீர்கள், பெற்றோர் சீக்கிரமே தெரிந்துகொள்வார்கள். அரசுப் பணம் தாமதமாக வரலாம். அதை ஜூன் மாத வரவாக எழுதிவிட்டு, வராதபோது மாணவரை நெருக்குவது கொடுமை.

அப்புறம், ஆசிரியர்களுக்கு 'ஆளுக்கு இத்தனை அட்மிஷன்' என்று இலக்கு வைத்து வீடு வீடாக அனுப்புவது, ஏஜென்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பது. இரண்டுமே வேண்டாம். கமிஷனுக்குக் கொண்டுவரப்பட்ட பையனுக்கு என்ன பிரிவில் சேர்ந்திருக்கிறோம் என்பதே சில நேரம் சரியாகத் தெரியாது.

என்னைக் கேட்டால், சேர்ந்தவரைத் தக்கவைக்காததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆண்டுக்கு 55,000 கட்டும் மாணவர் முதல் ஆண்டோடு போனால் மீதி மூன்று வருஷத்துக்கான 1.65 லட்சம் போகிறது. பணம் கிடக்கட்டும், ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. போகப்போகிறவர் முன்கூட்டியே தெரிவார்: திங்கட்கிழமை தவறாமல் லீவு, முதல் இன்டர்னலில் கணக்குத் தாள் வெறுமை, பஸ் கட்டணத்தின் இரண்டாம் தவணை பாக்கி. இந்த மூன்று விவரமும் மூன்று வெவ்வேறு நோட்டில் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. வாரம் ஒருமுறை வகுப்பு ஆலோசகர் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, வீட்டுக்கு ஒரு போன் போட்டால் போதும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கணக்குக்கு மாலை வகுப்பு வையுங்கள். பலருக்கு அரியர் தொடங்குவதே அந்தப் பாடத்தில்தான்.

பாக்கி இருக்கிறது என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் அரியர் கூடும், பாக்கி குறையாது. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்து மாணவரைத் தடுப்பதோ, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிக்கே எதிரானது. எல்லோருக்கும் அள்ளிவிடும் சலுகையில் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தால், வேலை போன, நோயில் விழுந்த குடும்பத்தின் பிள்ளைக்கு இரண்டாவது செமஸ்டர் கட்டணத்தை அதிலிருந்து கட்டலாம்.