வெயில், உயரம், குளிர்: உடலைத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

வெயிலில் தள்ளாடுகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தை அளவின்றிப் பின்பற்றியதால் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் உயிர்கள் போனதும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் நகரில் 1961இல் தொடங்கப்பட்ட அந்நாட்டு ராணுவச் சூழல் மருத்துவ ஆய்வகம், தன்னார்வ வீரர்களை வெப்ப அறைகளிலும் குளிர் அறைகளிலும் நடக்கவைத்து, இப்படிப்பட்ட நம்பிக்கைகளைத்தான் அளந்து பார்த்துவருகிறது.

வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. ஈடாக வெறும் தண்ணீரை மட்டும், அதுவும் வியர்ப்பதைவிட வேகமாகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கத் தொடங்குகிறது. தலைவலி, குமட்டல், பேச்சில் குழப்பம் என்று வெளியே தெரியும் அறிகுறிகள் வெப்பத் தளர்ச்சியைப் போலவே இருப்பதால், அருகில் நிற்பவர் நல்லெண்ணத்தோடு இன்னொரு பாட்டிலைத் திறந்து நீட்டுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நாள் முழுவதும் நிறையக் குடித்தவர், தெளிந்த நீராக வாந்தி எடுக்கிறார், வயிறு உப்பியிருக்கிறது, சிறுநீரும் நிறமின்றிப் போகிறது என்றால், தண்ணீரை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆய்வகத்தின் கணக்கீடுகளை ஒட்டி 1998இல் திருத்தப்பட்ட விதிப்படி, மணிக்கு 1.4 லிட்டருக்கும் நாளொன்றுக்கு 11.4 லிட்டருக்கும் மேல் குடிக்கக் கூடாது. இவை சீருடையும் சுமையுமாக உழைக்கும் வீரருக்கான உச்சவரம்புகள். மின்விசிறிக்கு அடியில் வேலை பார்ப்பவர் எட்ட வேண்டிய இலக்குகள் அல்ல.

வெயிலின் கடுமையை வெப்பநிலை எண்ணை மட்டும் வைத்து எடைபோடுவது அடுத்த தவறு. அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாமுக்காக 1950களில் உருவான ஈரக்குமிழ்க் கோள வெப்பக் குறியீட்டில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதமும், வெயிலில் தொங்கும் கருங்கோளத்துக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 சதவீதமும், நாம் செய்தியில் கேட்கும் சாதாரணக் காற்று வெப்பநிலைக்கு வெறும் 10 சதவீதமும் என முக்கியத்துவம் பங்கிடப்படுகிறது. வியர்வை ஆவியாகாவிட்டால் உடல் குளிராது என்பதால், புழுக்கமான 33 டிகிரி வறண்ட 38 டிகிரியைவிட மோசமாக இருக்கக்கூடும். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். விடுப்பு முடிந்து சில வாரங்கள் கழித்துத் திரும்புகிறவர், பழைய வேகத்திலேயே முதல் நாளைத் தொடங்கக் கூடாது.

உயரத்தில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் திடகாத்திரமானவர்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயரநோயை நல்ல உடல்தகுதி தடுப்பதில்லை. மாறாக, வேகமாக ஏறும் துணிச்சலைத் தந்துவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சியில் இந்த ஆய்வகத்துக்கு ஒரு கூடம் உண்டு. உச்சிவரை காரிலேயே போய்விடலாம் என்பதுதான் அந்த மலையின் வசதியும் வில்லங்கமும். ஆய்வகத்தின் சோதனையில், ஏறுவதற்கு முன் 2,200 மீட்டரில் 6 நாள் தங்கியவர்களுக்கு மேலே தொல்லை குறைந்தது.

உயரத்தில் எடை குறைவதற்குக் குளிரும் சோற்றுப் பற்றாக்குறையும்தான் காரணம் என்று எண்ணுவதும் பிழையே. 1985இல் நேட்டிக்கின் அழுத்தக் குறைப்பு அறையில் 8 பேரை 40 நாள் வைத்து, காற்றழுத்தத்தைப் படிப்படியாக எவரெஸ்ட் உச்சியின் அளவுக்கு இறக்கினார்கள். அறை கதகதப்பாக இருந்தது, விரும்பிய உணவும் கிடைத்தது. ஆயினும் பசி மங்கி, எடை சராசரியாக 7 கிலோவுக்கு மேல் இறங்கியது. மலையேறுகிறவர் பசிக்காகக் காத்திராமல் மணி பார்த்துச் சாப்பிட வேண்டும்.

குளிரில் விறைத்த விரலின் வலி நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது; உணர்வு அற்றுப்போவதே, திசு உறைந்துபோகும் உறைபுண்ணின் முதல் அடையாளம். அவ்விடத்தைப் பனியால் தேய்த்தால் திசு மேலும் சிதையும். உடல் சூட்டை ஒத்த வெதுவெதுப்பான நீரில் முக்கி வைப்பதே முறை. ஆனால் பாதுகாப்பான இடம் போய்ச் சேரும் முன் அது மீண்டும் உறைய வாய்ப்பிருந்தால், உறைந்த காலோடு நடந்து கீழே இறங்குவதே மேல்.