மாற்று ஆசிரியருக்குப் பாடக்குறிப்பு எழுதுவது எப்படி?

நீங்கள் லீவு போடும் நாளில் உங்கள் ஆறாம் வகுப்பு அறிவியல் பாடவேளைக்கு யார் வருவார்? அந்த நேரத்தில் வகுப்பு இல்லாத யாரோ ஒருவர். தமிழம்மாவாகவும் இருக்கலாம், பி.டி. சாராகவும் இருக்கலாம். தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கும் பாடக்குறிப்பேடு அவருக்கு உதவாது. கற்றல் விளைவுகள் அதில் வரிசையாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் என்ன செய்வது என்பது இருக்காது. ஆகவே தனியாக ஒரே ஒரு தாள் எழுதுங்கள்.

1. புதுப் பாடம் வேண்டாம். வேறு பாட ஆசிரியர் தவறாகச் சொன்னால் திருத்த உங்களுக்கு இரண்டு வகுப்பு போய்விடும். நடத்தி முடித்ததிலிருந்து ஒரு பயிற்சி போதும். ‘அளவீடுகள்’ பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

2. 40 நிமிடத்தைப் பிரியுங்கள். வருகைப்பதிவு 5, செயல்பாடு 20, நோட்டில் எழுத 10, விடை சரிபார்க்க 5.

3. செயல்பாட்டை அப்படியே வாசித்துக் காட்டலாம் என்கிற அளவுக்கு எழுதுங்கள். “இரண்டிரண்டு பேராக, அறிவியல் புத்தகத்தின் நீளம், அகலம் இரண்டையும் ஸ்கேலால் அளந்து, செ.மீ.யிலும் மி.மீ.யிலும் எழுதுக.” எல்லோரிடமும் ஒரே புத்தகம் என்பதால் விடையும் ஒன்றுதான். முன்பே நீங்கள் அளந்து விடையை எழுதிவிடுங்கள், ஓரிரு மி.மீ. வித்தியாசம் வந்தால் பரவாயில்லை என்றும் குறியுங்கள்.

பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். முனை உடைந்த ஸ்கேலில் 1-லிருந்து அளந்துவிட்டு, அந்த 1-ஐக் கழிக்க மறப்பார்கள். பென்சில் 1-இல் தொடங்கி 9.5-இல் முடிந்தால் நீளம் 8.5 செ.மீ. சாய்வாகப் பார்த்துப் படித்தாலும் அளவு மாறும். கண் அளவுக்கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும்.

4. கூடுதல் வேலை. கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். சத்தம் ஆரம்பிப்பது அங்கேதான். “நூலைக் கொண்டு ஒரு வளைகோட்டை அளக்கவும்” என்று ஒன்று வையுங்கள். நூலையும் தாளோடு சேர்த்தே வையுங்கள்.

5. வகுப்பு விவரம். லீடர் பெயர், முன்வரிசையில் உட்கார வேண்டிய பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை, பீரோ சாவி இருக்குமிடம். ஆய்வகப் பொருள் எதையும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

அடியில் மூன்று வரி காலியாக விடுங்கள்: எதுவரை முடிந்தது, யார் வரவில்லை, எந்தக் கேள்வியில் தடுமாறினார்கள். தாளை உதவித் தலைமையாசிரியரிடம் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.