ரத்தப் பரிசோதனையில் சி.பி.கே. கூடியிருந்தால் என்ன செய்ய வேண்டும்?

முழு உடல் பரிசோதனை அறிக்கையில் சி.பி.கே. அல்லது சி.கே. என்ற வரியில் உள்ள எண் எல்லையைத் தாண்டியிருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய ஒரு வாரத்தில் உங்கள் உடல் என்னென்ன உழைப்புக்கு ஆளானது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரியேட்டின் கைனேஸ் எனப்படும் இந்த நொதி தசைச் செல்களுக்குள் ஆற்றல் வழங்கும் பணியைச் செய்வது. செல்லின் சவ்வு சற்றே சேதமடைந்தாலும் ரத்தத்தில் கசிந்துவிடும்.

பழக்கமில்லாத உடற்பயிற்சியே இதற்கு மிகச் சாதாரணமான காரணம். பயிற்சி முடிந்தவுடன் உச்சத்தைத் தொடாமல், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அளவு உச்சத்தை அடைந்து, பிறகு ஒரு வாரமோ அதற்கு மேலுமோ எடுத்துக்கொண்டு இறங்கும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் முதன்முறையாக எடை தூக்கியவர் செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்தால், அளவு ஆயிரத்தைத் தாண்டினாலும் வியப்பதற்கில்லை. தசையில் போட்ட ஊசி, கீழே விழுந்த அடி, வலிப்பு, மிகுதியான மது ஆகியவையும் அளவைக் கூட்டும். தசைப்பிடிப்பான உடல்வாகு கொண்ட ஆண்களுக்கு இயல்பிலேயே அளவு அதிகம். 2010இல் வெளியான ஐரோப்பிய நரம்பியல் வழிகாட்டுதல், இயல்பு எல்லையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் அதை உயர்வாகக் கொள்ள வேண்டும் என்கிறது. அறிகுறியே இல்லாத எல்லோருக்கும் இந்தச் சோதனையைச் செய்வது தெளிவைவிடக் குழப்பத்தையே அதிகம் தருகிறது என்பது என் கருத்து.

அந்தக் குழப்பம் பல நேரங்களில் கல்லீரலின் பெயரில் தொடங்குகிறது. கல்லீரல் சோதனையில் பார்க்கப்படும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய இரண்டு நொதிகளும் கல்லீரலுக்கு மட்டும் உரியவை அல்ல, தசையிலும் உள்ளவை. ஆகவே தசை பாதிக்கப்பட்ட ஒருவருக்கு இவை உயர்ந்திருப்பதைக் கண்டு, மது அருந்துகிறீர்களா என்று கேட்டு, வயிற்று ஸ்கேன் வரை எடுத்துவிட்டு, சி.பி.கே.யைப் பார்க்காமலே விடுவது உண்டு. ஜி.ஜி.டி. என்ற நொதி தசையிலிருந்து வருவதில்லை. அதுவும், மஞ்சள் காமாலையில் கூடும் நிறமியான பிலிருபினும் இயல்பாக இருந்து, எஸ்.ஜி.பி.டி.யைவிட எஸ்.ஜி.ஓ.டி. கூடியிருந்தால், தசையைச் சந்தேகித்து சி.பி.கே. சோதனையைக் கேட்பது முறை.

அடுத்து, ஏழு நாட்கள் கடும் உழைப்பையும் தசை ஊசிகளையும் தவிர்த்து, அதே ஆய்வகத்தில் மீண்டும் பரிசோதியுங்கள். கூடவே தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவைப் பார்ப்பது அவசியம், ஏனெனில் தைராய்டு குறைபாடு சி.பி.கே.யை உயர்த்தும். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஃபைப்ரேட், கீல்வாதத்துக்கான கோல்சிசின், சில மனநல மருந்துகள் ஆகியவை கவனிக்க வேண்டியவை. ஆனால் ஸ்டாட்டினை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். தசைவலி இல்லாமல், சி.பி.கே. அளவு இயல்பு எல்லையைப் போல் நான்கு மடங்குக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அதைத் தொடரவே சொல்வார்கள். பத்து மடங்கைத் தாண்டினால் மருத்துவரே நிறுத்துவார்.

எண்ணைவிட முக்கியமானது பலவீனம். தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் போவது, படியேறத் திணறுவது, தலைவாரக் கையைத் தூக்க இயலாதது, விழுங்கச் சிரமப்படுவது, கண்ணிமைகளில் ஊதா நிறத் தடிப்பு தோன்றுவது ஆகியவை தசை அழற்சியைக் குறிக்கலாம். அடிக்கடி விழும், கெண்டைக்கால் பருத்த சிறுவனுக்கு அளவு பல மடங்கு உயர்ந்திருந்தால், டுஷென் தசைச்சிதைவு நோய்க்கான மரபணுச் சோதனை தேவைப்படும். கடும் தசைவலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பதால், மறு பரிசோதனைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பலவீனம் ஏதுமின்றி, ஓய்வுக்குப் பிறகும் அளவு தொடர்ந்து உயர்ந்தே இருந்தால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இத்தகையவர்களில் சிலருக்கு மயக்க மருந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறும் இயல்பு இருக்கக்கூடும் என்பதால், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் பழைய அறிக்கையை மயக்கவியல் மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள்.