பாலைவனச் சாலையோரத்தைப் படம் எடுப்பது எப்படி?

பாலைவனம் என்றதும் எல்லாரும் மணல்மேட்டைத் தேடித்தான் ஓடுகிறார்கள். எனக்கு அதைவிடச் சாலையோரம்தான் பிடிக்கும். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் ஆம்பாய் என்ற சிற்றூரை வைத்தே சொல்கிறேன். பழைய ரூட் 66 நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 1973-இல் வடக்கே புது நெடுஞ்சாலை திறந்ததும் வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன, ஊர் வெறிச்சோடியது. ராய்ஸ் மோட்டலின் 50 அடி உயரப் பெயர்ப்பலகை மட்டும் 1959-இலிருந்து நிற்கிறது. பல ஆண்டுகள் இருண்டு கிடந்த அதன் நியான் விளக்கு 2019-இல் மீண்டும் எரிந்தது.

முதலில் பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். கோடையில் வெயில் சாதாரணமாகவே 40 டிகிரியைத் தாண்டும். தண்ணீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலையும் முன்கூட்டியே நிரப்பிவிடுங்கள்.

பகலில் வெளிர் நிலத்தைப் பார்த்துக் கேமரா ஏமாறும். படம் இருட்டாக விழும். கேமராவின் எக்ஸ்போஷர் (ஒளி அளவு) அமைப்பை +2/3 ஏற்றுங்கள். பக்கத்தில் உள்ள ஆம்பாய் எரிமலை வாயின் கருநிறப் பாறைப் பரப்பில் இதற்கு நேர்மாறு, அங்கே குறைக்க வேண்டும். லென்ஸ் மாற்றுவதைக் காருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மணல் பட்ட லென்ஸைத் துணியால் துடைத்தால் கீறல் விழும்; ப்ளோயரால் (காற்றடிக்கும் சிறு ரப்பர் குமிழால்) ஊதிவிட்டால் போதும்.

சரி, இப்போது அந்தப் பலகை. சூரியன் மறைவதற்கு முன்பே ட்ரைபாடை நிறுத்திவிடுங்கள். கிட்டே போய் எழுத்தை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர்ப் பலகையாகவும் இருக்கலாம். பின்னால் தள்ளி வந்து, காலி ரோடும் தூரத்து மலையும் சட்டகத்துக்குள் வரட்டும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் மோடு. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஒரு வினாடியில் தொடங்குங்கள். நியான் எழுத்து வெளுத்துவிட்டால் அந்த நேரத்தைக் குறையுங்கள். எழுத்தின் நிறம் நின்றால்தான் படம் நிற்கும். சூரியன் மறைந்து இருபது நிமிடம் வாக்கில் வானத்தின் நீலமும் விளக்கின் ஒளியும் சமமாகும். அந்தச் சமநிலை சில நிமிடங்கள்தான், அதனால் அதற்கு முன்னும் பின்னும் விடாமல் எடுத்துக்கொண்டே இருங்கள்.

அப்புறம் ஒன்று. சாலையை ஒட்டியே ரயில் பாதை ஓடுகிறது. அதன்மேல் ஏறி நின்று எடுப்பது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. எவ்வளவு அழகான கோணமாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் வானப் பகுதியை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசி அங்கேதான் புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்த வரிசைப் படங்களை இப்போது என் ஸ்டுடியோவில் பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிட்டுக்கொண்டிருக்கிறேன். திரையில் தெரியும் அந்தி நீலம் தாளில் ஒரு படி இருட்டாகத்தான் விழும், அதனால் முதலில் சின்னத் துண்டில் சோதனை அச்சு எடுத்து, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய தாளைப் போடுங்கள்.