"விசாரிச்சுட்டுத்தான் போட்டேன்": மாத வட்டித் திட்டத்திலும் எம்.எல்.எம்.மிலும் ஏமாற வைக்கும் தவறான சரிபார்ப்புகள்

பணத்தை இழந்து புகார் கொடுக்க வருபவர்களில் பலர் முதலில் சொல்வது, "விசாரிச்சுட்டுத்தான் சார் போட்டேன்" என்பதுதான். அதில் பொய் இல்லை. ஆபீஸுக்கு நேரில் போயிருப்பார்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ்களைப் போட்டோ எடுத்திருப்பார்கள். ஏற்கெனவே போட்டவரிடம் கேட்டிருப்பார்கள். சின்னத் தொகை போட்டுத் திரும்ப எடுத்தும் பார்த்திருப்பார்கள். பேராசைக்காரர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடுவது நியாயமும் இல்லை, அடுத்தவருக்கு அதனால் பயனும் இல்லை. அவர்கள் சோதித்துப் பார்த்த ஒவ்வொன்றும், யாராவது வந்து சோதிப்பார்கள் என்று தெரிந்தே தயாராக வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சோதனைகள் எங்கே தவறுகின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு மாசாமாசம் வருது"

அதிகம் பேர் விழுவது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லட்ச ரூபாய் கட்டினால் மாதம் 10 சதவீதம், அதாவது ₹10,000. ஓராண்டு முடிந்ததும் அசல் திரும்ப வரும் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. முதல் மாதம் 100 பேர் சேர்கிறார்கள். கையில் ₹1 கோடி. ஆள் பிடித்த ஏஜென்ட்டுகளுக்கு 5 சதவீத கமிஷன் போக மீதி ₹95 லட்சம். மாதா மாதம் கொடுக்க வேண்டியது ₹10 லட்சம். அந்த நிறுவனம் எந்தத் தொழிலும் செய்ய வேண்டாம், அதன் பிறகு புதிதாக ஒருவரும் சேர வேண்டாம். வாங்கிய பணத்தையே பிரித்துக் கொடுத்தாலும் ஒன்பது மாதம் தேதி தவறாமல் 'வட்டி' போடலாம்.

ஆகவே ஒன்பது மாதம் ஒழுங்காகப் பணம் வந்தது என்பது எதற்கும் சான்று ஆகாது. ஆறாவது மாதம் பக்கத்து வீட்டுக்காரர் கையில் ₹60,000 வந்திருக்கும். அவர் அதை லாபம் என்று நினைக்கிறார். உண்மையில் தான் கொடுத்ததில் இன்னும் ₹40,000 அவருக்குத் திரும்பவில்லை. ஆனால் அவர் முகத்தில் தெரியும் நம்பிக்கை நிஜமானது, அதனால்தான் அது உங்களைத் தொற்றுகிறது. ஏழாவது மாதம் அவரே நகையை அடகு வைத்து இன்னும் மூன்று லட்சம் போடுவார். பெரிய இழப்பு பெரும்பாலும் முதல் தொகையில் நடப்பதில்லை; இந்த இரண்டாவது தொகையில்தான் நடக்கிறது.

2022-ல் வெளிச்சத்துக்கு வந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில் சொல்லப்பட்ட வட்டி மாதம் 25 முதல் 30 சதவீதம். ஏறக்குறைய லட்சம் பேரிடம் சுமார் ₹2,438 கோடி வசூலானது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவின் கணக்கு. அந்த வேகத்தில் கொடுத்தால் ஒருவர் கட்டிய பணம் நாலே மாதத்தில் தீர்ந்துவிடும். ஐந்தாவது மாதம் அவருக்கு வருவது அடுத்தவர் கட்டிய பணம்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் இது போதும்: பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனங்கள்கூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்குக் குறைவான காலத்துக்கு டெபாசிட் வாங்கவும் கூடாது. ஆண்டுக்கு 12.5 என்பதை மாதத்துக்கு மாற்றினால் ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். "மாசம் 3 சதவீதம்தான், நாங்க ஓவரா சொல்றதில்ல" என்று அடக்கமாகப் பேசும் திட்டமும் இந்த வரம்பைப் போல் மூன்று மடங்கு. அந்த அடக்கமான பேச்சுக்குத்தான் படித்தவர்களும் ஓய்வுபெற்றவர்களும் அதிகம் மயங்குகிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் "பணம் வருதா?" என்று கேட்காதீர்கள். "எந்தத் தொழிலிலிருந்து வருது? அந்தத் தொழில் உண்மையில் லாபம் பார்த்ததைக் காட்டும் தணிக்கை செய்த கணக்கு உங்களிடம் இருக்கா?" என்று கேளுங்கள். ஃபாரெக்ஸ் (வெளிநாட்டு நாணய வியாபாரம்), கிரிப்டோ, தங்கச் சுரங்கம், வெளிநாட்டு ரியல் எஸ்டேட் என்று நம்மால் நேரில் போய்ப் பார்க்க முடியாத தொழிலாகவே பதில் வந்தால் அங்கேயே நின்றுவிடலாம்.

"கம்பெனி ரிஜிஸ்டர் ஆயிருக்கு, ஜிஎஸ்டி இருக்கு"

கம்பெனிகள் பதிவாளரிடம் பதிவு செய்வது என்பது பெயர் பதிவு போன்றதுதான். சில ஆயிரம் ரூபாயும் இரண்டு இயக்குநர்களும் இருந்தால் முடிந்துவிடும். ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கு. சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழை ஆன்லைனில் இலவசமாக யாரும் எடுக்கலாம். ஐஎஸ்ஓ சான்றிதழுக்கும் பணத்தின் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இல்லை. இவற்றில் ஒன்றுகூடப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் உரிமம் கிடையாது.

சரிபார்க்க வேண்டிய இடங்கள் வேறு. டெபாசிட் வாங்குவதாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் சச்சேத் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, பொது டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்றும் பாருங்கள். வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. பங்குச்சந்தை, டிரேடிங் என்றால் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடுங்கள். செபியில் பதிவு செய்தவர் யாரும் 'உறுதியான லாபம்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்தப் பதிவு எண் திருடப்பட்டதாக இருக்கலாம். சீட்டு என்றால், ஒவ்வொரு சீட்டுக் குழுவையும் தொடங்கும் முன் பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். நிறுவனத்தின் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். நீங்கள் சேரும் குழுவின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

"உரிமம் அப்ளை பண்ணியிருக்கோம், அடுத்த மாசம் வந்துடும்" என்றால், உங்கள் பணமும் அடுத்த மாதம் வரை உங்களிடமே இருக்கட்டும்.

"பொருள் தர்றாங்களே, அப்புறம் எப்படி மோசடி?"

2012-ல் பெருந்துறையில் சரிந்த ஈமு கோழித் திட்டத்தைக் கொங்கு மண்டலத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம், போதாததற்கு மாதம் ₹6,000 பராமரிப்புத் தொகை. கோழி நிஜம், பண்ணை நிஜம், தீவனம் நிஜம். ஆனால் அந்தக் கோழியை வாங்கிச் சாப்பிட ஊரில் ஆள் இல்லை. ஈமு குஞ்சுக்கு இருந்த ஒரே சந்தை, அடுத்துப் பண்ணை வைக்க வருபவர். அவர் வருவது நின்றதும் எல்லாம் நின்றது. தீவனமில்லாமல் கிடந்த பறவைகளைக் காப்பாற்றக் கால்நடைத் துறை இறங்க வேண்டியிருந்தது.

ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துக் கமிஷன் பார்க்கும் மல்டி லெவல் மார்க்கெட்டிங், அதாவது எம்.எல்.எம். தரும் பொருளையும் இதே கண்ணால் பாருங்கள். ₹6,000 கொடுத்து 'ஐடி போட்டால்', அதாவது உறுப்பினராகச் சேர்ந்தால், ஒரு சத்துமாவு டப்பாவும் ஒரு காந்தப் படுக்கை விரிப்பும் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தில் சேராத ஒருவர் கடைக்கு வந்து அந்த விலைக்கு அதை வாங்குவாரா? போன மாதம் அப்படி எத்தனை பேர் வாங்கினார்கள்? நான் யாரையும் சேர்க்காமல் பொருள் மட்டும் விற்றால் எனக்கு எவ்வளவு கிடைக்கும்? மூன்றாவது கேள்விக்கு உங்கள் அப்லைன், அதாவது உங்களைச் சேர்த்துவிட்டவர், நேராகப் பதில் சொல்ல மாட்டார். "முதல்ல மீட்டிங் வாங்க, எல்லாம் புரியும்" என்பார்.

'பைனரி' திட்டத்தில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உங்களுக்குக் கீழே இடது ஒரு லெக் (கிளை), வலது ஒரு லெக். இரண்டும் சமமாக வளர்ந்து ஜோடி சேர்ந்தால்தான் பணம். மேலே இருப்பவர்கள் தங்கள் ஆட்களை ஒரு பக்கத்தில் இறக்கிக்கொண்டே போவதால் உங்கள் இடது லெக்கில் 200 பேர் தெரிவார்கள், பார்க்கவே மலைப்பாக இருக்கும். வலது லெக்கில் நீங்களாகச் சேர்த்த நாலு பேர். கணக்குக்கு வருவது நாலே ஜோடிதான். மீதி 196 பேரும் திரையில் எண்ணாக நிற்பார்கள். பல திட்டங்களில் ஒரு நாளைக்கு இத்தனை ஜோடிதான் என்று 'கேப்பிங்' வேறு, தாண்டியது கழிந்துவிடும். வலது லெக்கை வளர்க்க மனைவி பெயரில், மச்சான் பெயரில் ஐடி வாங்குகிறவர்கள் உண்டு. அது வருமானம் இல்லை, இன்னொரு செலவு.

"எல்லாரும் ஆறே ஆறு பேரைச் சேர்த்தால் போதும்" என்ற பேச்சையும் எண்ணிப் பார்த்துவிடுவோம். 6, 36, 216, 1,296, 7,776, 46,656... இப்படிப் பத்தாவது அடுக்கில் மட்டும் 6 கோடியே 4 லட்சம் பேர் வேண்டும். பத்து அடுக்கையும் கூட்டினால் 7.25 கோடி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 7.21 கோடி, தொட்டில் குழந்தையையும் சேர்த்து. அது மட்டுமல்ல, இந்த அடுக்கு எந்தக் கட்டத்தில் நின்றாலும் ஆறில் ஐந்து பேர் கடைசி அடுக்கில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆளே கிடையாது. அவர்கள் சோம்பேறிகள் என்பதால் தோற்கவில்லை, எண்ணே அப்படித்தான். மீட்டிங்கில் "உழைக்காதவன்தான் குறை சொல்வான்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, சேர்வதற்கு நுழைவுக் கட்டணமோ பதிவுக் கட்டணமோ வாங்கக் கூடாது. ஆள் சேர்ப்பதற்காகப் பணம் தரும் பிரமிடு திட்டம் நடத்தவும் கூடாது. 1978-ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் இன்னும் கடுமையானது: நடத்துபவரோடு உறுப்பினரைச் சேர்ப்பவருக்கும் அதில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. "நானும் ஏமாந்தவன்தானே" என்பது, பத்துப் பேரைச் சேர்த்துக் கமிஷன் வாங்கியவரைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்க முடியாது.

"ஆயிரம் போட்டுப் பார்த்தேன், திரும்ப வந்துச்சு"

ஆன்லைன் 'டாஸ்க்' மோசடி முழுக்க முழுக்க இந்தச் சோதனையின் மேல் கட்டப்பட்டது. வாட்ஸ்அப்பில் பகுதிநேர வேலை என்று ஒரு செய்தி வரும். மூன்று யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் ₹150 உடனே வந்துவிடும். பிறகு டெலிகிராம் குழு. அங்கே 'பிரீபெய்ட் டாஸ்க்': ₹1,000 கட்டினால் ₹1,300. அதுவும் வரும். அடுத்து ₹5,000, வெப்சைட்டில் உங்கள் கணக்கில் ₹7,000 என்று காட்டும், ஆனால் எடுக்க முடியாது, "மூணு டாஸ்க் சேர்ந்த செட், முடிச்சாத்தான் வித்ட்ரா". அடுத்தது ₹20,000, அதற்கடுத்தது ₹50,000. நடுவில் நீங்கள் தப்பான பட்டனை அழுத்திவிட்டதாகவும், குழுவில் மற்ற நால்வரின் பணமும் உங்களால் மாட்டிக்கொண்டதாகவும் சொல்வார்கள். அந்த நால்வரும் அவர்கள் ஆட்களே. பிறகு 'வரி', 'கிரெடிட் ஸ்கோர் கட்டணம்'.

இங்கே ஒரு விதி உறுதியாக உதவும்: உங்கள் பணத்தை எடுக்க நீங்கள் முதலில் பணம் கட்ட வேண்டும் என்றால், அங்கே உங்கள் பணம் இல்லை. நிஜ வரியோ கட்டணமோ இருந்தால் வரும் தொகையில் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. உங்களுக்கு வந்த அந்த ₹150 இன்னொரு ஏமாந்தவரின் பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் பணம் போன வழியில் உள்ள கணக்குகள் முடக்கப்படும்; சம்பளம் வரும் உங்கள் வங்கிக் கணக்கும் அதில் சிக்கலாம். "சும்மா நூறு ரூபாய்தானே" என்று விளையாட்டுக்குக்கூட முயன்று பார்க்க வேண்டாம் என்பது இதனால்தான்.

"செக்கும் பத்திரமும் குடுத்திருக்காங்க"

ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்துப் போட்டால் சட்டவிரோத டெபாசிட் சட்டப்படி ஆகிவிடாது. பின்தேதியிட்ட செக், தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். "இப்பப் போடாதீங்க, அடுத்த வாரம் போடுங்க" என்று இழுப்பது அந்த மூன்று மாதத்தைத் தின்பதற்குத்தான். செக் திரும்பினால், திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். வேறு எதை மறந்தாலும், பணத்தை ரொக்கமாக மட்டும் கொடுக்காதீர்கள். பின்னாளில் கொடுத்ததையே நிரூபிக்க முடியாது.

பணம் நின்ற பிறகு நடக்கும் தவறுகள்

நிற்கும் முன் சில அறிகுறிகள் வரும். வட்டி தேதி 5 என்பது 10 ஆகும், பிறகு 20 ஆகும். சர்வர் மாற்றம், ஆடிட், பேங்க் லிமிட் என்று காரணம் வரும். அசல் முதிரும் நேரத்தில் "ரின்யூவல் பண்ணா 2 சதவீதம் கூட" என்பார்கள். அந்த நேரத்தில் பணத்தை எடுக்கக் கேட்டுப் பாருங்கள். கொடுக்காமல் கெஞ்சினாலோ மிரட்டினாலோ விஷயம் முடிந்துவிட்டது.

"புகார் கொடுத்தா கம்பெனி முடங்கிடும், யாருக்கும் பணம் வராது" என்று குழுவில் பரப்புவார்கள். 2024 ஜனவரியில் கோவையில், விளம்பரம் பார்த்தால் பணம் தரும் செயலி ஒன்றின் மேல் வழக்குப் பதிவானபோது, அந்த நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கான உறுப்பினர்களே திரண்டு வந்தார்கள். அவர்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் சொத்து கைமாறும். திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் மோசடி 2009-ல் வெளியே வந்தது. டெபாசிட் மோசடி வழக்குகளை விசாரிக்கும் கோவை டான்பிட் சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது 2022 ஆகஸ்டில். முடக்கிய சொத்தை விற்றுப் பிரித்துக் கொடுக்கும்போது, புகார் கொடுத்துப் பட்டியலில் ஏறியவர்களுக்குத்தான் பங்கு கேட்பது எளிது. வேறொருவர் கொடுத்த புகார் உங்களுக்கும் சேரும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே, அந்த மணி நேரத்திலேயே, சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்; பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்திருங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். டெபாசிட் மோசடி என்றால் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவு. வங்கி ஸ்டேட்மென்ட், ரசீது, பாண்டு, ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் நகலெடுங்கள். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். முதலில் உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். வாங்கிய வட்டியை மறைக்காமல் எழுதுங்கள், ஸ்டேட்மென்ட்டில் அது எப்படியும் தெரியும்.

"இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், 10 சதவீதம் முன்பணம்" என்று சில வாரத்தில் ஒரு அழைப்பு வரும். ஏமாந்தவர்களின் எண்கள் ஏற்கெனவே கைமாறியிருக்கும். போலீஸோ நீதிமன்றமோ மீட்புக்கு முன்பணம் கேட்பதில்லை.

உங்கள் மூலமாக யாராவது சேர்ந்திருந்தால் அவர்களுக்கு இன்றே போன் செய்யுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த தொகையை அவர்கள் இன்னும் கட்டாமல் இருக்கலாம்.