கையில் இருப்பது பணச்சோழியா? கண்டுபிடிக்கும் முறை, பளபளப்பு கெடாமல் வைக்கும் முறை

தாயமும் பல்லாங்குழியும் ஆடிய வீடுகளில் ஒரு டப்பா நிறையச் சோழி இருக்கும். கொட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பெரும்பாலும் அதில் இரண்டு இனம் கலந்திருக்கும்: பணச்சோழி (மொனெட்டாரியா மொனெட்டா), மோதிரச்சோழி (மொனெட்டாரியா அன்னுலஸ்). இரண்டும் கடல் நத்தைகளின் ஓடுகள். பிரிக்கக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும்.

படி 1: வாய் கீழே இருக்கும்படி உள்ளங்கையில் வையுங்கள்

பணச்சோழி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முதலில் நிறத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். ஓரம் தடித்து, அகன்ற முனைப் பக்கம் புடைத்துக் கோணல்மாணலாக இருந்தால் அது பணச்சோழி. மோதிரச்சோழி வழவழவென்று முட்டை வடிவில் இருக்கும். அதன் முதுகில் ஆரஞ்சு வளையம் ஒன்று ஓடும். வளையத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் சில பணச்சோழிகளிலும் மெல்லிய வளையம் உண்டு. பழைய சோழியில் வளையமே வெளுத்துப் போயிருக்கும். விளையாட்டுக்காக முதுகைத் தேய்த்து எடுத்த சோழி என்றால் விளிம்பு ஒன்றுதான் சாட்சி.

படி 2: திருப்பிப் பாருங்கள்

நீளவாக்கில் ஒரு பிளவு, இரண்டு பக்கமும் பல் வரிசை. நத்தை இளசாக இருக்கும்போது இந்தப் பல் கிடையாது. ஓட்டின் வாய் அகலமாக, உதடு மெல்லியதாக இருக்கும். வளர்ந்த பிறகுதான் உதடு உள்ளே மடிந்து பல் கட்டும்.

1758இல் ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் பணச்சோழி இனத்துக்கு மொனெட்டா என்று பெயர் வைத்தார், லத்தீனில் பணம். மாலத்தீவில் சேகரித்த சோழி கப்பலில் வங்காளம் போய்க் காசாகப் புழங்கியது. மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிய மொராக்கோ பயணி இபின் பதூதா, சோழியைக் கரையில் குழியில் போட்டுச் சதை போனபின் எடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார்.

படி 3: கரையில் கிடைத்தால்

பிளவுக்குள் எட்டிப் பாருங்கள். சதையோ, குடிபுகுந்த நண்டோ தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வெற்று ஓட்டைக்கூட எடுக்காதீர்கள்.

படி 4: கழுவுங்கள்

நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, பல்லிடுக்கு மணலை ஈர்க்குச்சியால் எடுத்து, நிழலில் காயவையுங்கள்.

பித்தளைக்குப் போடுவதுபோலப் புளி வேண்டாம். எலுமிச்சை, வினிகரும் வேண்டாம். ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் கரையும். நான் ஒரு சோழியை இரவு முழுக்க எலுமிச்சைச் சாற்றில் போட்டேன். காலையில் அது சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளிறி, விரல் பட்டால் மாவாக ஒட்டியது. இன்றுவரை அது எனக்கு வருத்தம்தான். உயிரோடு இருக்கும்போது நத்தை தன் தோல் மடிப்பால் ஓட்டின் முதுகை மூடிக்கொள்ளும். அந்த மடிப்பு பூசியதுதான் ஓட்டின் பளபளப்பு. நத்தை போனபின் அதைத் திரும்பப் பூச யாராலும் முடியாது.

படி 5: பத்திரப்படுத்துங்கள்

மரப்பெட்டி வேண்டாம். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஓட்டில் வெள்ளைப் பொடி பூக்க வைக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சு விரித்து வையுங்கள். கூடவே எந்தக் கரை, எந்தத் தேதி என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்.